என் மகளைப் பற்றி நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, பிரசங்கத்துக்கு முன்னால், சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை யாரும் எழுந்து நின்று சொல்லலாம். காய்ச்சல் விட்டது, வழுக்கிய ஜீப் பள்ளத்தில் விழாமல் நின்றது, மகனுக்குக் கட்டப்பனையில் வேலை கிடைத்தது, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு ஞாயிறு நான் எழுந்து, என் மகளுக்குக் காது கேட்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னேன்.

அப்போது அவளுக்கு இரண்டேகால் வயது. "அம்மா" என்றுகூடச் சொன்னதில்லை.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் எஸ்டேட். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் குடியிருக்கிறோம். எங்கள் லயத்தில் பட்டப்படிப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் அபேட்சை, அதாவது விண்ணப்பம், எழுதவும், ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொல்லவும் என்னிடம்தான் வருவார்கள். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அதனால் நான் சாட்சி சொன்னபோது யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படித்த பிள்ளை சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கு அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. அது நியாயமில்லை என்பதும் தெரியும்.

முதலில் சந்தேகப்பட்டது அங்கன்வாடி டீச்சர். மாதம் ஒருமுறை அங்கே பிள்ளைகளை எடை பார்ப்பார்கள். என் மகளைத் தராசில் உட்காரவைத்துவிட்டு, டீச்சர் பின்பக்கமாகப் போய் மூன்று தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மலையாளி, எங்களிடம் பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்துவரும்.

"மோளே, இவளுக்குக் கேக்குதா?"

எனக்கு முன்பாகப் பக்கத்து வீட்டு அத்தை பதில் சொன்னார். "அதெல்லாம் கேக்கும் டீச்சர். பொட்டப்பிள்ள வாயத் தெறந்தா அப்புறம் மூடாது. இப்பக் கெடைக்கிற அமைதிய இவ அம்மா அனுபவிக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கோட்டயத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிள்ளையைத் தூங்கவைத்து, காதுக்குள் போகும் சத்தம் மூளை வரைக்கும் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனையாம். தேதி கிடைக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஆறு வாரமும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஒரு டாக்டர் அம்மா, காது கேட்காத பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது, தள்ளிப்போடாதீர்கள் என்று பேசினார். அதற்கு அடுத்த வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இதெல்லாம் வியாபாரம், மண்டையைத் திறந்து இரும்பு வைக்கிறார்கள், வீட்டிலேயே பூண்டு எண்ணெய் விடுங்கள் என்றார். கர்ப்பமாக இருந்தபோது போன் பார்த்த தாய்மார்களின் பிள்ளைகள்தான் இப்படிப் பிறக்கிறார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்ப்பத்தில் நான் போன் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெபக் குழுவில் ஒரு சகோதரி, தலைமுறைச் சாபம் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள் என்று எழுதினாள். எங்கள் குடும்பத்தில் யார் என்ன பாவம் செய்தார்கள் என்று நானும் விசாரிக்கத் தொடங்கினேன். யார் சொல்வது உண்மை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு அளவுகோலும் இல்லை. எல்லோரும் என்மேல் அக்கறையோடுதான் பேசினார்கள். பாதிப் பேர் கர்த்தருடைய நாமத்தில் பேசினார்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குப் போனில் ஒரு ஜெபம் நடக்கும். தமிழ்நாட்டில் எங்கிருந்தோ ஒரு பிரதர் நடத்துவார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். அன்பான குரல். என் மகளைப் பற்றிச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். பிறகு சொன்னார்: "சிஸ்டர், சந்தேகப்படுறது கதவைத் தொறந்து வச்சுட்டுப் படுக்கிற மாதிரி. சத்துரு உள்ளே வந்துடுவான். கேட்டதைப் பெத்துக்கிட்டேன்னு முதல்ல வாயால அறிக்கை பண்ணுங்க. வாய் சொன்னாத்தான் காது திறக்கும்."

மறுநாள் நான் கர்த்தரிடம் ஒரு அடையாளம் கேட்டேன். இன்றைக்கு மத்தியானத்துக்குள் காட்டும் என்று நேரமும் குறித்தேன். அப்படி நேரம் குறிக்க நான் யார் என்று அப்போது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் வேலை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். சாப்பாட்டு நேரத்துக்கான சைரன் அது. மலை முழுக்கக் கேட்கும். ஊதியதும் அவர் சாப்பிட மேலே ஏறி வருவார். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றேன். மகள் தரையில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீரை ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. அவள் டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். டம்ளர் உருண்டு அடுப்படி வரைக்கும் வந்து என் காலில் இடித்து நின்றது.

நான் அப்படியே முழங்காலில் விழுந்தேன்.

ஞாயிறு சபையில் இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். டம்ளர் உருண்டு வந்ததைச் சொன்னேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சங்கு ஊதியதும் முதலில் வாசல் பக்கம் திரும்பியது நான். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்தாள். அந்த ஒரு நொடி எனக்கு ஞாபகம் இருந்தது. சாட்சி சொல்லும்போதே, வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதைச் சொன்னால் சந்தேகம் ஆகிவிடும், சந்தேகப்பட்டால் திறந்த காது மூடிவிடும் என்று பயந்தேன். அதனால் விழுங்கிவிட்டேன்.

பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளையை நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். அது கோர்ட்டில் நிற்பவனுக்கும், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி அவதூறு பேசுபவளுக்கும் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். கர்த்தருக்கு ஆதரவாகவே ஒருத்தி பொய்ச்சாட்சி சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணும் வந்தாள். இருபது வயதிருக்கும். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை.

"அக்கா, இவனும் சத்தம் போட்டாத் திரும்ப மாட்டேங்கான். ஆசுபத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்னதக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்திருச்சு."

"விசுவாசமா இரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கோட்டயத்துக்குப் போகவேண்டிய நாள் வந்தது. காலை ஜெபத்தில் நான் அதைச் சொன்னபோது போனில் பிரதர் சிரித்தார். "கர்த்தர் பண்ணினதுக்கு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கப் போறீங்களா சிஸ்டர்?" எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்காரர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சட்டை போட்டு நின்றார்.

"போகவேண்டாம்" என்றேன்.

"அவளுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்காளே."

"உங்களுக்கு விசுவாசம் இல்ல."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எனக்குத் தெரியல புள்ள. நீ படிச்சவ. நீ சொல்லுதத நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் சண்டை போட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன் என்று பலநாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால்தான் அவருடைய வாயை அடைக்க விசுவாசம் என்ற வார்த்தையை எடுத்து வீசியிருந்தேன். அதற்கு எதிராக எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் பேச முடியாது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் மகளை விடாமல் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சில நாள் கேட்பது போல இருக்கும். கதவைச் சாத்தினால் திரும்புவாள். மரப்பலகை அதிர்ந்ததாலா, கேட்டதாலா? நாய் குரைத்தால் பார்ப்பாள். குரைத்ததைக் கேட்டா, நாயைக் கண்டா? பார்த்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு கணக்குப் போட்டேன். பிறகு இரண்டாவது கணக்கைப் போட்டதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். ஒரு நாளுக்குப் பத்து தடவையாவது இப்படி. அவள் தூங்கும்போது காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட நினைப்பேன், கூப்பிட மாட்டேன். விழிக்காமல் போனால் என்ன செய்வேன்?

வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் இன்னொரு தேதி வாங்கியிருந்தார். வியாழக்கிழமை போகவேண்டும் என்று திங்கட்கிழமை சொன்னார். எனக்கு இந்தத் தடவை போய்விடலாம் என்ற எண்ணம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை என் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் பாலக்காட்டுக்குக் கிழக்கே கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறான். அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார்.

"ஏன் அம்மிணி, அனுப்புனதப் பாத்தியா? எங்க பக்கத்துலதான் நடந்துதாமா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு போ."

"யார் வீட்டுப் பிள்ள அண்ணி?"

"அது தெரீல கண்ணு. ஆனாச் சர்ச்சுல அத்தன பேரும் சொல்றாங்க. உங்களுக்கும் நடக்கும், பயப்படாத."

செய்தி இதுதான்: பாலக்காடு பக்கம் ஒரு ஊரில் ஐந்து வயதுப் பெண்குழந்தை, பிறவியிலேயே செவிடு, ஊமை. பெரிய பெரிய டாக்டர்கள் கைவிட்டார்கள். தாய் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தாள். கடைசி நாள் மத்தியானம் மில்லுச் சங்கு ஊதியபோது பிள்ளை எழுந்து ஓடி "அம்மா" என்று கத்தியது. ஆமென் என்று போட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி முடிந்திருந்தது.

அதை வாசித்து நான் அழுதேன். எனக்கு மட்டும் இல்லை, இன்னொரு தாய்க்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது, சங்குச் சத்தத்தில்தான் அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்றால், இது கர்த்தர் செய்வதுதான். இரண்டு சாட்சிகள் இருந்தால் காரியம் நிலைப்படும் அல்லவா? வீட்டுக்காரரிடம் காட்டி, இந்தத் தேதியையும் விடுங்கள், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று கெஞ்சினேன். அவர் போனை வாங்கி மெதுவாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கோட்டயத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தோம். மத்தியானம் துணி துவைத்துவிட்டு உட்கார்ந்து தைரியத்துக்காக அந்தச் செய்தியை மறுபடி வாசித்தேன். நடுவில், முதல்தடவை அழுகையில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு வரி. பிள்ளை கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. டம்ளர் உருண்டு அடுப்படி வரை வந்து தாயின் காலில் இடித்து நின்றது.

ஈரக் கையோடு அந்த வரியைப் பலமுறை வாசித்தேன்.

இரண்டாவது சாட்சி என்று ஒருத்தி இல்லவே இல்லை. அந்தத் தாய் நான்தான். என் வாயிலிருந்து போனது ஊர் ஊராகச் சுற்றி, வயது கூடி, உபவாசம் சேர்த்து, பேச்சும் சேர்த்து, என்னையே தேற்ற வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே நம்பத் தகாதவள் ஒருத்தி சொன்னதைக் கேட்டு, என் பிள்ளையின் தேதியை இரண்டாம் முறையும் விட்டிருக்கிறேன்.

எப்படிப் போயிருக்கும் என்று பிறகு யோசித்தேன். யாராவது சபையில் கேட்டு உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒருத்தர் கொஞ்சம், அடுத்தவர் கொஞ்சம், கர்த்தருக்கு இன்னும் மகிமை சேரட்டும் என்று கூட்டியிருப்பார்கள். ஒரு நொடியைக் குறைத்து அதைத் தொடங்கி வைத்தது நான்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் சங்கின் மோட்டார் கருகிப்போனது. இரண்டு நாள் சங்கு இல்லை. முதல்நாள் மத்தியானம் அடுப்பில் குழம்பு கொதித்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டைப் பார்த்தேன். அடுப்பைக் குறைத்தேன், முந்தானையில் கையைத் துடைத்தேன், வாசலைப் பார்த்துத் திரும்பினேன். மகள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

மலையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் வாசற்படியில் நின்று அப்பா வரும் பாதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் கழுத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் துடைக்கும் கையை, குறையும் நெருப்பை, திரும்பும் முகத்தை. காது கேட்காத பிள்ளை அப்பாவுக்காக அத்தனை புத்தியோடு கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நான் அற்புதம் என்று அவளிடமிருந்து பிடுங்கி, சபையில் எனக்கென்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் திரும்பியது நான் என்பதையும்.

"இது அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் அடிப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். அடித்ததே இல்லை அவர். சட்டியை இறக்கி வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார். "நாளைக்குப் போவோம். தேதி இல்லாட்டியும் போயி நிப்போம்" என்றார்.

கோட்டயத்தில் காலை முதல் நின்று, மத்தியானத்துக்குப் பிறகு உள்ளே விட்டார்கள். மகளுக்குத் தூக்க மருந்தாக ஒரு சிரப் கொடுத்தார்கள். அவள் என் தோளில் கனத்தாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். பெட்டியிலிருந்து அவள் காதுக்குள் சத்தம் போனது; எங்களுக்குக் கேட்காது. கம்ப்யூட்டரில் கோடுகள் ஓடின. எனக்குப் படிக்கத் தெரியாத கோடுகள். ஆனால் சோதித்த பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது அவள் விரலில் தெரிந்தது. கூட்டினாள், இன்னும் கூட்டினாள். நான் ஜெபிக்கவில்லை. முதல்முறையாக, என்ன இருக்கிறதோ அது தெரியட்டும் என்று மட்டும் இருந்தேன். அதுவும் ஜெபம்தானோ என்னவோ.

இரண்டு காதிலும் மிக அதிகமான குறை என்றார் டாக்டர். மெஷின் வைத்துப் பார்ப்போம், பிறகு ஆபரேஷன் பற்றி முடிவு செய்வோம், வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம், இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. படிவத்தில் எழுத ஒரு கேள்வி கேட்டார்.

"எப்போ முதல்ல சம்சயம் தோணுச்சு?"

அங்கன்வாடியில் எடை பார்த்த நாளைத்தான் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தேன். "ஒன்பதாம் மாதத்தில்" என்றேன். குக்கர் விசில் அடித்தபோது பக்கத்தில் படுத்திருந்தவள் இமைகூட அசைக்கவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். 

சபையில் சொன்னதைச் சபையிலேயே திருப்பி எடுக்கவேண்டும். முதலில் சபையை நடத்தும் உபதேசியாரிடம் போனேன். நல்ல மனிதர், எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்தவர்.

"ஏம்மா, சொன்னது சொன்னதா இருக்கட்டும். இப்பப் போயி இல்லன்னு சொன்னா, விசுவாசத்துல பலவீனமா இருக்கிற நாலு பேரு இடறிருவாங்க."

"இடறக் கல்லு போட்டதே நான்தானே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  "ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் எழும்பு" என்றார்.

எழுந்தேன்.  "என் மகளுக்குக் காது கேட்கவில்லை. நான் சொன்னது தவறு" என்று ஆரம்பித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு தாத்தா, சாட்சிக்குச் சொல்லும் பழக்கத்தில், "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மிச்சத்தையும் சொன்னேன். கழுத்து திரும்பியதை, சங்கு இல்லாத மத்தியானத்தை. முடித்து உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு எடுக்கத் தாமதமாயிற்று. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை, "கைக்கு வந்தத வாயாலயே கெடுத்துக்கிட்டியே" என்று அழுதார். காலை ஜெபத்தில் பிரதரிடமும் சொன்னேன். என் இணைப்பு அறுந்துவிட்டது. அதுவாக அறுந்ததா, அறுத்தார்களா, தெரியாது. நான் மறுபடி கூப்பிடவில்லை.

கீழ் டிவிஷன் பெண் அன்றைக்குச் சபையில் இல்லை.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு இறங்கிப் போனேன். குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பெரிய கண்கள், வாசலில் என் நிழல் விழுந்ததும் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன்.

"நீங்கதான விசுவாசமா இருன்னீங்க."

நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சோற்றை வடித்தாள்.

"அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்கும் அழுதுக்கிட்டுத்தான் சொன்னீங்க. இப்ப நான் எதக்கா நம்புறது? அன்னைக்குச் சொன்னதையா, இன்னைக்குச் சொல்றதையா?"

 செய்தி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளே போனை எடுத்துக் காட்டினாள். இப்போது அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது, பாட்டும் பாடுகிறது.

அடுத்த திங்களும் போனேன். டீ கொடுத்தாள், வேறு பேச்சுப் பேசினாள். நான் வாயைத் திறந்தால், "வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்" என்றாள். ஏறி வரும்போது, ஒவ்வொரு திங்களும் அந்தப் பையனின் காதிலிருந்து ஒரு வாரம் போகிறது என்று நினைத்து, தேயிலைக்கு நடுவே நின்று அழுதேன்.

மூன்றாவது திங்கள் அவள் வாசலிலேயே நின்றாள். "உங்க பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் பாக்கணும்."

மகளை அழைத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். கொஞ்சநாளாக அவள் காதுகளில் மெஷின் இருந்தது. அதை வைத்தும் பெரிய சத்தங்கள்தான் ஏதோ கொஞ்சம் எட்டுகின்றன. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. என் பிள்ளையைப் போய்க் காட்சிப்பொருளாக நிறுத்துவதா? ஆனால் காயத்தைக் காட்டு, தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷனைக் கர்த்தர் விரட்டவில்லை. கையை நீட்டு என்றுதான் சொன்னார்.

"அந்த மிஷினக் கழத்துங்க" என்றாள் அவள்.

கழற்றினேன். மகளைச் சுவர்ப்பக்கம் பார்க்க உட்காரவைத்துக் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தேன். அவள் கண்ணில் படாதபடி நான் ஒதுங்கி நின்றேன். என் கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். கீழ் டிவிஷன் பெண் பானை மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்று ஓங்கி அடித்தாள்.

பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. மகள் பிஸ்கட்டைக் கடித்தாள்.

அவள் இன்னும் கிட்டே வந்து அடித்தாள். விடாமல் அடித்தாள். அடிக்க அடிக்க அவள் முகம் கோணிக்கொண்டு போனது. இத்தனைக்குப் பிறகும் நான் உள்ளுக்குள், திரும்பிவிடு, திரும்பிவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அந்தப் பெண் தன் பையனை அழைத்துப்போக மாட்டாள் என்பது தெரிந்தும் கெஞ்சினேன்.

மகள் திரும்பவில்லை.

அவள் மூடியைக் கீழே வைத்தாள். பாயில் விளையாடிக்கொண்டிருந்த தன் பையனைப் பார்த்தாள். அத்தனை சத்தத்துக்கும் அவனும் தலையைத் தூக்கியிருக்கவில்லை. ஓடிப்போய் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கோட்டயத்துக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

ஆறு மணிக்கு என்றேன். மகளின் காதில் மெஷினைத் திரும்ப மாட்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது.